மருந்து இருந்தும் மரணம் ஏன்?

காசநோய் இன்று குணப்படுத்தக்கூடிய நோய். ஆறு மாத காலம் ஒழுங்காக மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் முழு நலம் பெறுகின்றனர். அம்மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. ஆயினும் நம் நாட்டில் இந்நோயால் இறப்போர் தொகை இன்னும் ஆண்டுதோறும் இலட்சங்களில்தான் இருக்கிறது. அவர்களுள் பலர், மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே மறைந்துவிடுகின்றனர். மருந்து கைக்கு வந்த பின்னும் மரணம் முந்திக்கொள்வது ஏன்? இக்கேள்விக்கு நம் தமிழகமே இருமுறை விடை தேடியிருக்கிறது.

சேத்துப்பட்டு தந்த முதல் பாடம்

முன்னாளில் காசநோயாளி என்றால் சானடோரியம்தான் புகலிடம். தாம்பரம், பெருந்துறை, மதுரையை அடுத்த தோப்பூர் என்று ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடங்களில் அவை அமைந்தன. ஆனால் நோயாளிகளோ இலட்சக்கணக்கில். படுக்கைகளோ சில ஆயிரம்.

இந்நிலையில், 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலுமாக ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. 1959இல் முடிவு வெளியாயிற்று. நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், கூழும் கஞ்சியும் குடித்து வீட்டில் இருந்தவர்களுக்கும் குணமானதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

எனினும் காலப்போக்கில் இந்நல்ல பாடத்தை நாம் அரைகுறையாகப் புரிந்துகொண்டோம். பெரும்பாலோருக்கு வீடு போதும் என்பது, எல்லோருக்கும் வீடு போதும் என்று ஆகிவிட்டது. எழுந்து நிற்கவும் வலுவற்றவர் கையிலும் மாத்திரைப் பொட்டலம் கொடுக்கப்பட்டது; அவரும் வீடு திரும்பினார்.

ஐந்து நிமிடத்தில் ஐந்து சோதனைகள்

இக்குறையைப் போக்க, 2022 ஏப்ரலில் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்பதைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. திண்டுக்கல் மாவட்டமும் இதில் அடங்கும். நோய் உறுதியான உடனேயே, ஆரம்ப சுகாதார நிலையத்துப் பணியாளர்களே ஐந்து செய்திகளைக் கவனித்துக் குறித்துக்கொள்கின்றனர்.

முதலாவது, உயரத்திற்கேற்ற எடை. கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். விடை 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைந்திருந்தால் இந்நிலையில் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, கால் வீக்கம். உடலில் புரதச் சத்து குன்றும்போது கால்களில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீரின் எடை உண்மையான மெலிவை மறைத்துவிடும். ஆகவே வீக்கம் உள்ளவருக்கு 16 என்ற அளவே அபாய எல்லையாகும்.

மூன்றாவது, மூச்சின் எண்ணிக்கை. ஓய்வாக இருக்கும்போது ஒரு நிமிடத்தில் 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் நுரையீரல் திணறுகிறது என்று பொருள்.

நான்காவது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கும் அறிமுகமான, விரலில் மாட்டும் சிறு கருவி இதைக் காட்டிவிடும். 94க்குக் கீழே இறங்கலாகாது.

ஐந்தாவது, பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலுமா என்பது.

இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்நோயாளி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, விரிவான பரிசோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். நுரையீரல் உறையில் நீர் தேங்கியிருக்கலாம். காற்று கசிந்து நுரையீரலை அமுக்கியிருக்கலாம். இருமலில் இரத்தம் வரலாம். காசநோயோடு நிமோனியாவும் சேர்ந்திருக்கலாம். இத்தகைய சிக்கல்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. ஆக்சிஜன், ஊசி மருந்து, நீர் அகற்றுதல் ஆகியவை தேவைப்படும். நீரிழிவு, எச்.ஐ.வி., மது, புகை ஆகியவையும் ஆபத்தைப் பெருக்குவதால் அவற்றையும் மருத்துவர் ஆராய்வார்.

நாட்கூலியும் உயிரும்

இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் சொற்கள் சில உண்டு. "மில்லில் பஞ்சுத் தூசி, அதனால் இருமல்" என்பார் ஒருவர். "ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றாடக் கூலி போய்விடும், சாமி" என்பார் மற்றொருவர். "பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரியவேண்டாம்" என்று குரலைத் தாழ்த்துவார் ஒரு தாய். இவற்றில் எதையும் நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நூற்பாலைத் தூசி மூச்சுக்குழாயைக் கெடுப்பதும் உண்மையே. ஆனால் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் எதனால் வந்தது என்பதைச் சளிப் பரிசோதனையே சொல்லவேண்டும். நாமாக முடிவு செய்யலாகாது. இரண்டு வாரக் கூலியை இழக்க அஞ்சி, குடும்பத்தலைவனையே இழந்துவிட்டால் அந்த இழப்பை எந்தக் கூலி ஈடுசெய்யும்?

உணவும் மருந்தே

ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வொன்று நம் சிந்தனைக்குரியது. நோயாளிகளுக்கு மாதந்தோறும் தானியம், பருப்பு முதலியவை அடங்கிய 10 கிலோ உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோ எடையுள்ளவருக்கு இது இரண்டு கிலோ கூட இல்லை! வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவதும் ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்தது.

ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. அது நோயாளியின் தட்டுக்கே போய்ச் சேரவேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மிகவும் மெலிந்து பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று மிகுதியாக உணவு கொடுப்பதும் ஆபத்தாகும். அத்தகையோருக்கு மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில், சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டவேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

அண்டை வீட்டில் இருமுபவர் இருந்தால் ஒதுங்கிப் போகாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். நோய் உறுதியானால், "எடை, உயரம் பார்த்தீர்களா? ஆக்சிஜன் அளவு என்ன?" என்று பணிவோடு கேட்போம். அப்படிக் கேட்பது குறை கூறுவதாகாது. அது நோயாளியின் உரிமை. மருத்துவமனையில் சேரவேண்டும் என்று சொல்லப்பட்டால், அவர் இல்லாத நாட்களில் அவ்வீட்டு அடுப்பு எரிவதற்கு நம் தெருவே பொறுப்பேற்கட்டும். ஒரு படி அரிசியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு கைத்துணையும் போதும். படுக்கையிலிருப்பவர் மன அமைதியோடு சிகிச்சை பெறுவார்.

நோயுற்றோரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். ஆரஞ்சுப் பழத்தோடு போய்த் திரும்புவதோடு அச்செயலை முடித்துக்கொள்ளலாகாது. அவர் மூச்சு வாங்குகிறாரா, கால் வீங்கியிருக்கிறதா, எழுந்து நிற்கிறாரா என்று உற்று நோக்கும் கண்ணும் நமக்கு வேண்டும். அக்கண்ணால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.