விசா வேண்டாம், ஒரே ரயில் போதும்: சூரமங்கலத்தில் இருந்து தரங்கம்பாடிக்கு... ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பும் ஊரா அது?

வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலுக்குக் கீழே கடல். கிரீஸ் நாட்டின் சின்னச் சின்னக் கடற்கரை கிராமங்கள் ரீல்ஸில் வராத நாளே இல்லை. 'ஒருநாள் போகணும்' என்று சேவ் செய்து வைப்பவர்களை முதலில் மறிப்பது விசா. ஷெங்கன் விசா கட்டணமே பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ, அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. விமானம், ஹோட்டல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சேலம்காரர்களுக்கு இந்த ஏக்கம் கொஞ்சம் கூடுதல். விடுமுறை என்றால் ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல், கொல்லிமலை என்று மலையும் ஆறும்தான் கைக்கு எட்டும் தூரத்தில். கடல் கிடையாது. ஆனால் சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் ஜங்ஷனில் ஏறினால், வண்டி மாறாமலே ஒரு பழைய கடற்கரை ஊருக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம். அந்த ஊர் தரங்கம்பாடி.

எந்த ரயில்?

சேலம் - மயிலாடுதுறை ரயில் 2023 ஆகஸ்ட் முதல் ஓடுகிறது. பிற்பகலில் சேலத்தில் கிளம்பி, ராசிபுரம், நாமக்கல், கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக இரவில் மயிலாடுதுறை சேரும். அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 30 கி.மீ. பஸ் உண்டு. ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மோகனூரைத் தாண்டி காவிரியைக் கடந்த பிறகு, ஆற்றின் போக்கிலேயே போகும் பாதை இது. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று ஜன்னல் வழியாகவே தெரிந்துகொள்ளலாம்.

சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த ஊர் புதிதும் அல்ல. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்யப் போகும் வேன்கள், அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு எட்டு போய்வரும். 'கோட்டையைப் பார்த்துட்டு, கடல்ல கால நனைச்சிட்டு கிளம்பிடலாம்' என்பதுதான் வழக்கமான திட்டம். வேன் டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் நாலு செல்ஃபி. அவ்வளவுதான் தரங்கம்பாடி.

அந்த ஒரு மணி நேரத்தில் எது விட்டுப்போகிறது என்று பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாமே.

'மினி டென்மார்க்' என்பது பாதிக் கதை

டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே இது துறைமுகம். பாண்டியர் காலக் கல்வெட்டில் இதன் பெயர் சடங்கன்பாடி. கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் கட்டப்பட்டது. டேனிஷ் கோட்டையை விட 300 வயது மூத்தது.

1620-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆட்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, மிளகு வியாபாரத்துக்காக இங்கே இடம் பிடித்தார்கள். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அப்போது எழும்பியதுதான் டான்ஸ்போர்க் கோட்டை. ஊருக்குள் நுழையும்போது வரவேற்கும் வெள்ளை வாசல் 1792-ல் கட்டப்பட்டது. உள்ளே போனால் 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம்.

இந்த இரண்டாவது தேவாலயத்தில்தான் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706-ல் 23 வயதில் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, 1715-ல் இங்கேயே அச்சிட்டு முடித்தவர். 'தமிழின் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் வந்தது' என்று பல டிராவல் வீடியோக்கள் சொல்வது தப்பு. 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது.

1845-ல் டேனிஷ்காரர்கள் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதோடு ஊருக்கு மவுசு போனது. 1860-களில் ரயில் வந்தபோது அது நாகப்பட்டினத்துக்குத்தான் வந்தது. வியாபாரமும் அந்தப் பக்கமே நகர்ந்தது. பணம் வராத ஊரில் யாரும் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. இன்று நாம் ரசித்துப் போட்டோ எடுக்கும் அமைதியான தெருக்கள், உண்மையில் ஊர் நொடித்துப்போனதன் மிச்சம். 1926-ல் மயிலாடுதுறையில் இருந்து இங்கே வரை போடப்பட்ட கிளைப் பாதையும் 1986-ல் மூடப்பட்டது. அது இருந்திருந்தால் கடைசி 30 கி.மீ. பஸ் தேவைப்பட்டிருக்காது.

கிரீஸ் ஆசை இன்னும் விடவில்லை என்றால் ஒரு ஆறுதல் தகவல். தரங்கம்பாடிக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் பூம்புகார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு, இந்தக் கரையில் 'கமரா' என்றொரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது காவிரிப்பூம்பட்டினம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கிரேக்கம் பேசியவர்கள் இந்தப் பக்கம் வந்து போய் இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. என்ன, விடுமுறைக்கு வரவில்லை, வியாபாரத்துக்கு வந்தார்கள்.

ஓசோன் காற்று: நம்பலாமா?

'உலகிலேயே ஓசோன் அதிகம் உள்ள கடற்கரைகளில் ஒன்று, மூச்சு இழுத்தாலே ஆரோக்கியம்' என்று தரங்கம்பாடி பற்றி ஒரு பேச்சு பல வருஷமாகச் சுற்றுகிறது. வானத்தில் உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைப் புறஊதாக் கதிரில் இருந்து காக்கிறது. அது சரி. தரைமட்டத்தில் இருக்கும் ஓசோன் அப்படியல்ல. அது நுரையீரலை உறுத்தும் மாசு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. கடற்கரையில் வரும் அந்தத் தனி வாசனைக்கும் ஓசோனுக்கும் சம்பந்தம் இல்லை. கடலின் நுண்ணுயிர்களால் உருவாகும் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுதான் அதற்கு முக்கியக் காரணம். காற்று நன்றாகத்தான் இருக்கிறது, மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கடல் எடுத்துக்கொண்டது

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். இந்த அரிப்பு நேற்று ஆரம்பித்தது அல்ல, டேனிஷ் காலத்திலேயே இருந்ததுதான். ஆனால் அதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

டெல்டா கரைக்கு மணலும் வண்டலும் கொண்டுவந்து கொடுப்பது காவிரி. அலை அள்ளிக்கொண்டு போவதை ஆறு திரும்ப நிரப்பும். 1934-ல் மேட்டூர் அணை கட்டிய பிறகு, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே படிந்துவிடுகிறது. கீழே ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளியதும் சேர்ந்துகொண்டது. கரைக்கு வரவு குறைந்தது, செலவு குறையவில்லை. சேலம் மாவட்டத்து அணையின் அடியில் தேங்கிக் கிடப்பது, ஒருவகையில் இந்தக் கரைக்குச் சேர வேண்டிய மண்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி மீனவர் தெருக்களும் அதில் தப்பவில்லை. ஒன்றாக வந்து நிற்கும் டூரிஸ்ட் கூட்டம் இதை நினைப்பது குறைவு. கரையில் காயும் வலை ஒரு குடும்பத்தின் முதலீடு. அதை மிதித்துக்கொண்டு போஸ் கொடுப்பதும், படகில் ஏறி நின்று ரீல் எடுப்பதும் இங்கே சகஜமாகிவிட்டது. கேட்டுவிட்டு எடுத்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

குளிப்பது வேறு விஷயம். கொட்டிய கற்களும் இடிந்த கட்டடங்களின் மிச்சமும் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. ஆற்றில் நீச்சல் பழகியவர் என்றாலும் இங்கே இறங்காமல் இருப்பதே நல்லது. குழந்தைகளைக் கணுக்கால் அளவுக்கு மேல் விட வேண்டாம்.

எப்போது போகலாம்?

பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால் இரண்டு ஏமாற்றம். ஒன்று வெயில். இன்னொன்று மீன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகள் மட்டுமே போகும். மீன் குறைவாக வரும், விலை ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் எச்சரிக்கை. பொங்கல் கழிந்து மார்ச் தொடக்கம் வரை உள்ள வாரங்கள் சரியாக இருக்கும்.

ரயிலில் போனால் முதல் நாள் இரவு மயிலாடுதுறையில் தங்கி, காலை முதல் பஸ்ஸில் தரங்கம்பாடி போய்விடலாம். கோட்டை, தேவாலயங்கள், ராஜ வீதியை எல்லாம் வெயில் ஏறுவதற்குள் நடந்தே பார்த்து முடிக்கலாம், ஊர் அவ்வளவு சின்னது. அன்று இரவு அங்கேயே தங்கினால், மறுநாள் கடலில் இருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். வேனில் வருபவர்களுக்கு அது கிடைக்காது. பழைய பங்களாக்களை மாற்றிய விடுதிகளில் வாடகை கூடுதல், சாதாரண லாட்ஜ்களும் உண்டு. சேலம் திரும்பும் ரயில் மயிலாடுதுறையில் காலை 6 மணியை ஒட்டிக் கிளம்பிவிடுவதால், சூரிய உதயத்தையும் அதே நாள் ரயிலையும் சேர்த்துத் திட்டமிட முடியாது. ஒன்று, திருச்சி வரை வேறு வண்டி பிடித்து அங்கிருந்து சேலம் பஸ் ஏறலாம். இல்லையென்றால் இன்னொரு நாள் லீவு போட வேண்டும்.