பொய் சொல்லாத ஹெட்போன்!

ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது என்றால் உங்களுக்குக் கொள்ளைப் பிரியம்தானே? 'டம் டம்' என்று காது அதிர்ந்தால்தான் அது நல்ல ஹெட்போன் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பாட்டு உருவாகும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஹெட்போன்கள் இருக்கின்றன. அவற்றை மாட்டிக் கேட்டால், "என்ன இது, சப்பென்று இருக்கிறதே!" என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். பிறகு எதற்காக அவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறார்கள்? வாங்க, பார்க்கலாம்.

பாட்டுச் சமையல்!

ஒரு பாட்டில் பாடகரின் குரல், வயலின், தபேலா, கிடார், கோரஸ் என்று எத்தனையோ ஒலிகள் இருக்கும். பெரும்பாலும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 'டிராக்' என்று பெயர். பிறகு எல்லா டிராக்குகளையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தபேலா குரலை அமுக்கிவிடக் கூடாது. வயலின் காணாமல் போய்விடக் கூடாது. சாம்பாரில் உப்பு, புளி, காரம் அளவாக இருக்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான். இந்த வேலைக்கு 'மிக்சிங்' என்று பெயர். கலந்து முடித்த பாட்டு, வானொலி, செல்போன், பெரிய ஸ்பீக்கர் என எதில் ஒலித்தாலும் நன்றாக இருக்கும்படி கடைசியாகச் சரிசெய்வது 'மாஸ்டரிங்'.

கண்ணாடி மாதிரி!

முகத்தில் பரு இருந்தால், அதை அப்படியே காட்டுவதுதானே நல்ல கண்ணாடி? ஸ்டுடியோ ஹெட்போனும் அப்படித்தான். பாடகர் மூச்சு வாங்கும் சத்தம், மைக்கில் விழுந்த 'கிளிக்' சத்தம் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும்.

நாம் கடையில் வாங்கும் ஹெட்போன்கள் பலவற்றில் 'பாஸ்' எனப்படும் தாழ்ந்த ஒலியைக் கூட்டி வைத்திருப்பார்கள். கேட்கக் குஷியாக இருக்கும். ஆனால், மிக்சிங் செய்பவர் அதை மாட்டினால் என்ன ஆகும்? "பாஸ் அதிகமாக இருக்கிறதே" என்று நினைத்துக் குறைத்துவிடுவார். அந்தப் பாட்டை வேறு ஒன்றில் கேட்கும்போது பாஸே இருக்காது!

ஹெட்போனுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், மெல்லிய சவ்வு ஆகியவை இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது சுருள் அசையும். கூடவே சவ்வும் அதிரும். அதுதான் ஒலி. மனிதக் காது, நொடிக்கு 20 முதல் 20 ஆயிரம் வரையிலான அதிர்வுகளைக் கேட்கும். இத்தனையிலும் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்து ஓரவஞ்சனை செய்யாமல் ஒலிப்பதுதான் நல்ல ஸ்டுடியோ ஹெட்போன்.

மூடியதும் திறந்ததும்!

ஸ்டுடியோ ஹெட்போனில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. பாடகர் மாட்டுவது மூடிய வகை. சத்தம் வெளியே கசிந்தால் மைக்கில் பதிவாகிவிடுமே! 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர்.-7506 இந்த வகை. மிக்சிங் செய்பவர்கள் பலர் விரும்புவது, வெளிப்பக்கம் சல்லடைபோல் ஓட்டை உள்ள திறந்த வகை. உள்ளே ஒலி அடைபடாததால் இயல்பாகக் கேட்கும். ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் எச்.டி.414 என்ற திறந்த வகை ஹெட்போனை வெளியிட்டது. அதே நிறுவனத்தின் எச்.டி.600, 1997-ல் வந்தது.

அதுவும் ஒரு பொய் சொல்லும்!

உங்களுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர் பாடினால், அது வலது காதுக்கும் கேட்கும். கொஞ்சம் மெதுவாக, ஒரு நொடியின் சின்னஞ்சிறு பகுதி தாமதமாக. ஆனால், ஹெட்போனில் இடதுபக்க ஒலி இடது காதோடு சரி! அதனால் வயலின் காதிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். எனவே, எவ்வளவு விலை உயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் அதை மட்டும் நம்ப மாட்டார்கள். ஸ்பீக்கரிலும், காரிலும், செல்போனிலும் போட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள்.

சத்தத்தைக் குறையுங்க!

இன்னொரு ரகசியம். மிக்சிங் செய்பவர்கள் பொதுவாக ஹெட்போனை அலறவிட மாட்டார்கள். சத்தம் கூடினால் எந்தப் பாட்டும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், தவறு தெரியாது. சத்தம் மாறினால், பாஸ் நம் காதுக்குக் கேட்கும் அளவும் மாறும். இதை பிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினர். அதனால் மிதமான ஒரே அளவில் வைத்து, அவ்வப்போது காதுக்கு ஓய்வு கொடுத்துத்தான் வேலை செய்வார்கள்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. நம் உள்காதில் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்கு அனுப்ப உதவுபவை அவைதான். அதிக சத்தத்தில் அவை அழிந்துபோனால், மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. காது போனால் மிக்சிங் வேலையும் போச்சு!

குழந்தைகள் ஹெட்போனில் கேட்பது 75 டெசிபல் அளவில், வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சத்தம் 3 டெசிபல் கூடினாலே, கேட்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஹெட்போன் மாட்டியிருக்கும்போது பக்கத்தில் அம்மா பேசுவது கேட்கவே இல்லையா? சத்தத்தைக் குறையுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ஒய்ங்' என்று இரைகிறதா? உடனே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

செய்து பாருங்கள்!

உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சத்தம் குறைவாக வைத்து மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை தாளத்தை மட்டும். மூன்றாவது முறை, பின்னால் ஒளிந்திருக்கும் மெல்லிய ஒலிகளைத் தேடுங்கள். இதுவரை கேட்காத ஏதோ ஒன்று கேட்கிறதா? மிக்சிங் செய்பவர்கள் தினமும் செய்யும் பயிற்சி இதுதான். இதற்கு விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, குட்டீஸ். நல்ல காது இருந்தால் போதும்!

*

இதையும் தெரிஞ்சுக்குங்க!

* அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910-ல் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்போன் செய்தார். அதை வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்கக் கடற்படை! பாட்டுக் கேட்க அல்ல, கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்க.

* இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை 1958-ல் அறிமுகப்படுத்தியவர், அமெரிக்காவின் ஜான் காஸ்.