கணினிக்குள் ஒரு கெசட்டட் ஆபீசர்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் ராத்திரி ஒரு மணிக்குத் திரையைப் பார்த்து முணுமுணுப்பதற்கான காரணங்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அட்டெஸ்டேஷன் புதிதல்ல. ஒரு காலத்தில் நகலில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு. இப்போது பல இடங்களில் சுய கையொப்பமே போதும் என்றாகிவிட்டது. இணைய உலாவி மட்டும் பழைய பிடிவாதத்திலேயே இருக்கிறது. ஒரு தளம் காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழில், தான் நம்பும் நிறுவனத்தின் கையெழுத்தை அது தேடும். அந்தக் கையெழுத்தை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே தருகிறது.

அப்புறம் என்ன சிக்கல்? தளத்தைக் கட்டும்போது அது இருப்பது நம் கணினியில், லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரில். எல்லாக் கணினிக்கும் உள்ள அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அதற்கு எந்த ஆபீசர் கையெழுத்துப் போடுவார்? லோக்கல்ஹோஸ்டுக்கு உலாவிகள் சலுகை காட்டுவது உண்மைதான். ஆனால் அதே பக்கத்தைக் கைபேசியில், 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால், எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் கேமரா வேலை செய்யாது.

முன்பெல்லாம் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளைகளை நீளநீளமாகத் தட்டி, தனக்குத்தானே கையெழுத்திட்ட சான்றிதழைச் செய்வோம். உலாவி எச்சரிக்கும், 'பரவாயில்லை' என்று தாண்டிப்போவோம். இந்தப் பழக்கம்தான் எனக்குப் பிடிக்காதது. எச்சரிக்கையைத் தாண்டிப் பழகிய கை, வங்கித் தளத்திலும் தாண்டும்.

2018-இல் பிலிப்போ வால்சோர்டா எம்கேசெர்ட் என்ற கருவியை வெளியிட்டார். 'எம்கேசெர்ட் -இன்ஸ்டால்' என்றால் போதும், நம் கணினிக்கென்று ஒரு சொந்த ஆபீசரை உருவாக்கி, அதன் நம்பிக்கைப் பட்டியலிலும் சேர்த்துவிடும். அடுத்த கட்டளையில் லோக்கல்ஹோஸ்ட், வீட்டு முகவரி என்று பெயர்களைக் கொடுத்தால் சான்றிதழும் சாவியும் தயார். இரண்டு வரியையும் தொடக்க ஸ்கிரிப்டில் வைத்துவிட்டால், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு அரை நாள் மிச்சம். கைபேசியில் மட்டும் மூலச் சான்றிதழை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. ரூட்சிஏ-கீ என்ற கோப்புதான் அந்த ஆபீசரின் முத்திரைக் கட்டை. அது பிறர் கைக்குப் போனால், எந்த வங்கியின் பெயரிலும் போலிச் சான்றிதழ் செய்து நம் கணினியை நம்பவைக்கலாம். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே போலி செய்தார்கள். உலாவிகள் நம்பிக்கையை விலக்கிக்கொண்டன, செப்டம்பரில் நிறுவனம் திவால். ஆகவே அந்தக் கோப்பைக் கிட் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள், நண்பருக்கும் தராதீர்கள். அவரவர் கணினிக்கு அவரவர் ஆபீசர். கணினியை விற்கும் முன் 'எம்கேசெர்ட் -அன்இன்ஸ்டால்' கொடுங்கள். அது பட்டியலிலிருந்து பெயரை எடுக்குமே தவிர, சாவிக் கோப்பை அழிக்காது. அதை நாம்தான் தேடி அழிக்க வேண்டும்.