பக்கம் நடத்துகிறவர்கள்

1928-ஆம் வருஷத்தில், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதையும் தபால் மூலம் சாமான்கள் விற்பதையும் ஜீவனோபாயமாகக் கொண்டிருந்த திருத்துறைப்பூண்டிக்கார இளைஞர் ஒருவர், நடத்த முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகையை விலை பேசி வாங்கினார். இளைஞர் எஸ். எஸ். வாசன், பத்திரிகை ஆனந்த விகடன். கதை, ஹாஸ்யம், குறுக்கெழுத்துப் போட்டி என்று ஜனங்கள் விரும்புகிற சரக்கைக் கொடுத்துப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்துவிட்டால், அந்தக் கூட்டத்தின் கண்ணில் படுவதற்காகச் சோப்புக் கம்பெனிக்காரரும் லேகியக் கம்பெனிக்காரரும் பணத்தோடு தாமே தேடி வருவார்கள் என்ற சூட்சுமத்தை, விளம்பரத் தொழிலிலிருந்து வந்த அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திராது. கூட்டம் கூடுகிற இடம் இன்றைக்குக் கைப்பேசிக்கு மாறிவிட்டது. சூட்சுமம் அப்படியேதான் இருக்கிறது.

இருந்தும், பிள்ளை சமூக ஊடகத்தில் வேலை பார்க்கிறான் என்று சொன்னால் பெண் கொடுக்க யோசிக்கிற குடும்பங்கள் அநேகம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கேள்விப்பட்டிருப்பதெல்லாம், ஒரே வீடியோவில் பிரபலமாகிக் கார் வாங்கியவர்களையும், வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் கேமராவும் கையுமாக இரண்டு வருஷம் அலைந்து ஊர் திரும்பியவர்களையும் பற்றித்தான். இந்த இரண்டு வகையினருக்கும் அப்பால், தம் முகத்தை எங்கும் காட்டாமல், ஜவுளிக் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பக்கம் நடத்திக் கொடுத்து மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு பெருங்கூட்டம் இருப்பது வெளியே தெரிவதில்லை. சொந்தப் பெயரில் எழுதியும் பேசியும் சம்பாதிப்பது ஒரு தொழில். பிறருடைய வியாபாரத்துக்காக அதையே செய்து கொடுப்பது வேறொரு தொழில். முதலாவதில் கீர்த்தி அதிகம், ஸ்திரம் குறைவு. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடக்கூடியது இரண்டாவதுதான் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

முதலாவது தொழிலின் கதையைச் சற்றே பார்த்துவிடலாம். 1999-ல் அமெரிக்காவில் தோன்றிய பிளாகர் என்னும் சேவையை 2003-ல் கூகுள் வாங்கிற்று. பிறர் பக்கங்களில் விளம்பரம் போட்டு வருமானத்தில் பங்கு கொடுக்கும் ஆட்சென்ஸ் ஏற்பாடும் அதே வருஷம் வந்தது. தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்கள் 2004-ல் தோன்றிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளின் மூலம் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, வாசித்து, சண்டையும் போட்டுக்கொண்டு ஒரு சிறிய உலகத்தைக் கட்டினார்கள். ஆனால் ஆட்சென்ஸ் தமிழைத் தனக்கு ஏற்ற மொழியாக ஒப்புக்கொண்டது 2018-ல்தான். ஆகவே, தமிழ் வலைப்பதிவின் செழிப்பான காலம் முழுவதும் பெரும்பாலும் கைக்காசைச் செலவழித்து எழுதிய காலம். எழுத்தாளர் ஜெயமோகன், மகாபாரதத்தைத் தழுவிய தம்முடைய வெண்முரசு நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து 2020 ஜூலை வரையில் நாள்தோறும் தம் தளத்தில் இலவசமாகவே வெளியிட்டு, இருபத்தாறு நாவல்களாக முடித்தார். அப்படி எழுதுகிறவருக்கு வருகிற வாசகர்கள் பிறகு புத்தகம் வாங்குகிறார்கள், கூட்டத்துக்கு வருகிறார்கள். எழுத்துக்குக் கூலி நேராக வராமல் சுற்றி வளைத்து வருகிறது. வலைப்பதிவை நம்பி இறங்குகிறவர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

யூட்யூபில் கூலி நேராக வருகிறது. வருவதற்கு வாசற்படிகள் உண்டு. ஆயிரம் சந்தாதாரர்கள் சேர வேண்டும். அதோடு, பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறுவீடியோக்களானால் தொண்ணூறு நாட்களில் ஒரு கோடி பார்வைகள் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே விளம்பரப் பங்கு. நீண்ட வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு தயாரித்தவருக்கு. கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், கூகுள் ஒரு ரகசிய எண்ணை அச்சிட்டு வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்புகிறது. மேகத்தில் உலவுவதாகச் சொல்லப்படும் இந்தத் தொழிலிலும் முதல் சம்பளத்துக்கு முன்னால் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை. நூறு டாலர் நிறைந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். தமிழ்நாட்டில் ஆயிரம் பேர் பார்ப்பதற்குக் கிடைக்கும் விளம்பரப் பணம், அமெரிக்காவில் அதே ஆயிரம் பேர் பார்த்தால் கிடைப்பதில் ஒரு சிறு பகுதியே ஆகையால், அந்த நூறை எட்டுவதற்குள் பலருக்கு உற்சாகம் வற்றிவிடுகிறது.

வற்றாதவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில், சமையல் கை தேர்ந்த தாத்தா பெரியதம்பியை முன்னிறுத்தி, விவசாயக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிற்று. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூட்யூப் சேனல் அதுதான். அதே வருஷத் தொடக்கத்தில் ராகுல் காந்தி அவர்களுடைய வீடியோ ஒன்றில் தோன்றிக் காளான் பிரியாணிக்கு வெங்காயத் தயிர்ப் பச்சடி கலந்தார். சேனல் வருமானத்திலிருந்து பத்து லட்சம் ரூபாயை அவர்கள் முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். அந்த வீடியோக்களைக் கூர்ந்து பார்த்தால் வெற்றியின் காரணம் ஓரளவு புலப்படும். வயலும் வாய்க்காலும், அம்மியில் அரைபடும் மசாலாவின் சத்தமும், போடுகிற ஒவ்வொரு பொருளின் பெயரையும் உரக்கக் கூவிச் சொல்வதும் தவிர வேறு பேச்சு அதிகம் இல்லை. தமிழ் தெரியாத ஒருவர் எந்தத் தேசத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சமைத்ததை முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிமாறுவதோடு படம் முடிகிறது. இதைப் பார்த்து நூற்றுக்கணக்கானோர் தோப்பில் அண்டா வைத்துச் சமைக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலோரை நாம் அறிய மாட்டோம்.

அறியப்பட்டவர்களுக்கும் ஓர் அபாயம் உண்டு. 2020 ஜூன் 29 அன்று இரவு மத்திய அரசு ஐம்பத்தொன்பது சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், அந்த ரசிகர்களில் ஒருவருடைய விலாசமும் கையில் இல்லாமல் ஒரே ராத்திரியில் வெறுங்கையர்கள் ஆனார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூட்யூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. குடிபெயர்ந்து பிழைத்தவர்கள் உண்டு, எல்லோராலும் முடியவில்லை. வாடகை நிலத்தில் வீடு கட்டியவரின் நிலை அது. இப்போது தேடுகிறவருக்குக் கூகுளே தேடல் பக்கத்தின் உச்சியில் யந்திர மூளை எழுதிய சுருக்கத்தைக் கொடுத்துவிடுவதால், மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் குறைந்து, தகவல் மட்டும் தந்துகொண்டிருந்த வலைப்பதிவுகள் வாடுகின்றன. அனுபவத்தையும் அபிப்பிராயத்தையும் தருகிறவர் தப்பிக்கக்கூடும். எப்படியாயினும், வாசகர்களின் மின்னஞ்சல் விலாசங்களை அவர்கள் சம்மதத்தோடு வாங்கித் தனியாக வைத்துக்கொள்வது விவேகம்.

இனி, பிறருக்காகப் பக்கம் நடத்தும் உத்தியோகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் ஒருவர், இத்தொழிலுக்குப் புதிதான ஓர் இளம் பெண்ணிடம் தம் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் ஃபேஸ்புக் பக்கத்தையும் ஒப்படைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரியாதவராக இருந்தால் அந்தப் பெண் முதல் நாளே “நல்வரவு” என்று பூங்கொத்துப் படம் போடுவார். தெரிந்தவரானால் நாலைந்து நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்வார். “வெளியூருக்குக் கொண்டுபோகணும் அண்ணாச்சி, எத்தனை நாள் கெடாம இருக்கும்?” “சீனி கம்மியா இருக்குமா?” “சென்னைக்குக் கூரியர்ல அனுப்புவீங்களா?” இந்தக் கேள்விகளே அடுத்த மூன்று மாதத்துக்கான பதிவுகள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊரில் கூடும் கூட்டத்துக்கு ஒன்று. தீபாவளிக்கு மொத்தமாக வாங்கும் கம்பெனிகளுக்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒன்று. மழைக்காலத்தில் கூரியர் தாமதமாகும் என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுவது ஒன்று.

வீடியோ எடுக்கும்போது முதலாளி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கைகூப்பி, “எங்கள் ஸ்தாபனம் மூன்று தலைமுறையாக…” என்று தொடங்கத்தான் ஆசைப்படுவார். மரியாதையாக மறுக்க வேண்டிய கட்டம் இது. கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் நிற்காவிட்டால் அப்புறம் நிற்கவே மாட்டார். ஆகையால், விறகடுப்பில் சுண்டிக் கெட்டிப்பட்ட பாலை அகன்ற கடாயின் அடியிலிருந்து கரண்டி சுரண்டி எடுக்கும் காட்சியில் தொடங்கி, முதலாளியைப் பிற்பாடு கொண்டுவர வேண்டும். கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். பஸ்ஸிலும் ஆபீசிலும் சத்தமில்லாமல் பார்க்கிறவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் கீழே போட வேண்டும். அந்த எழுத்தில் ஒற்றுப்பிழை இருந்தால், பால்கோவாவைப் பற்றி ஒன்றும் கேட்காதவர்கள்கூடப் பிழையைத் திருத்துவதற்காகக் கருத்துப் பெட்டிக்கு வருவார்கள் என்பது வேறு விஷயம்.

அதற்குமேல்தான் காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம். மதுரை, சென்னை ஆகிய ஊர்களில், இன்ன வயதுக்காரர்களுக்கு, நாளைக்கு இத்தனை ரூபாய்க்குமேல் செலவழியாமல் காட்டு என்று கட்டளையிடும் வசதியை, இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி கொடுக்கிறது. அந்தப் பெண் இரண்டு விதமான படங்களைத் தலைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு விட்டுப் பார்க்கிறார். முதல் படத்துக்கு லைக் ஆயிரம், வாட்ஸ்அப்பில் விசாரித்தவர் பத்துப் பேர். இரண்டாவதற்கு லைக் நூறு, விசாரித்தவர் இருபத்தைந்து பேர். முதலாளிக்கு ஆயிரம்தான் கண்ணில் படும். ஒரு விசாரணைக்கு முதலாவதில் ஐம்பது ரூபாயும் இரண்டாவதில் இருபது ரூபாயும் செலவாகியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டி, அடுத்த வாரப் பணத்தை இரண்டாவதில் போடச் சம்மதிக்க வைப்பதில்தான் இந்த உத்தியோகத்தின் சாமர்த்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அழகாகப் படம் எடுக்கிறவர்கள் ஏராளம். இந்தக் காகிதத்தைப் போடத் தெரிந்தவர்களைத்தான் கம்பெனிகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

இதைக் கற்பிப்பதாகச் சொல்லிப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. அவற்றில் நல்லவையும் இருக்கலாம். ஆனால் கூகுளின் ஸ்கில்ஷாப்பும் மெட்டாவின் புளூபிரிண்ட்டும் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன. மிச்சமாகும் பணத்தில், சொந்தக்காரர் ஒருவருடைய கடைக்கு மூன்று மாதம் பக்கம் நடத்தி, என்ன செலவாயிற்று, எத்தனை விசாரணை வந்தது, எத்தனை விற்றது என்று நோட்டுப் போட்டு நேர்முகத்துக்கு எடுத்துக்கொண்டு போனால், அது எந்தச் சான்றிதழுக்கும் தாழ்ந்ததாகாது. பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்கி எண்ணிக்கையைப் பெருக்குகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். போலிக் கணக்குகள் பால்கோவா தின்பதில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்கிறவர், அது விளம்பரம் என்பதைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-ல் விதித்தது. மத்திய நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய்யான விளம்பரத்துக்கு 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரையில் அபராதம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையில். புகழ்ந்து பேசியவர் ஒரு வருஷத்துக்கு விளம்பரங்களில் தோன்றக் கூடாதென்றும் தடுக்கலாம். கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன கைப்பேசி இனாம்தானே என்று நினைப்பதற்கும் இல்லை. அதை நீங்களே வைத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் இப்படி வந்தவற்றின் மதிப்பு இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும்போது நூற்றுக்குப் பத்து வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் விதி இருக்கிறது.

கடைக்காரரோடு ஒப்பந்தம் செய்யும்போது, மாதத்துக்கு எத்தனை பதிவு, எத்தனை வீடியோ, எத்தனை தடவை திருத்தம் என்பதோடு, பக்கம் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கைப்பேசி எண்ணில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது முதலாளியின் பெயரிலேயே இருக்கட்டும். நடத்துவதற்கான அதிகாரத்தை மட்டும் உங்கள் கணக்குக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளத் தகராறு செய்கிறவர் என்ற பெயர் சின்ன ஊரில் ஒரு தடவை வந்துவிட்டால் அடுத்த கடைக்காரர் படியேற்ற மாட்டார். விளம்பரத்துக்கான பணமும் அவருடைய கார்டிலிருந்தே நேராக மெட்டாவுக்குப் போகட்டும். கைக்காசைப் போட்டுவிட்டு, மாதக் கடைசியில் ரசீதும் கையுமாகக் கல்லா முன்னால் நின்று, “பண்டிகை முடியட்டுமே, தம்பி” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களில் பலர் முதல் வருஷத்திலேயே இந்தத் தொழிலை விட்டுப் போயிருக்கிறார்கள்.