விரலை அறுக்கும் கயிறு

ஷூ லேஸ் கட்டுவதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக்கூட ஷூவுக்கு அது அரை நிமிட வேலைதான். ஆனால் பனிக்கட்டித் தளத்தின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு அது அவ்வளவு எளிதான வேலையல்ல. அவர்கள் அணியும் ஸ்கேட் காலணி, கணுக்காலுக்கு மேல் வரை உயர்ந்து நிற்கும் விறைப்பான காலணி. அதன் அடியில் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓர் எஃகுத் தகடு. உடல் எடை முழுவதும் அந்தத் தகட்டின் மேல்தான் நிற்க வேண்டும். காலணிக்குள் கணுக்கால் சற்றே ஆடினாலும் தகடு சாய்ந்து ஆட்டக்காரர் விழுவார். ஆகவே பத்துப் பன்னிரண்டு ஜோடித் துளைகளின் வழியே லேஸை இறுக்கி இழுத்துக் கட்டியாக வேண்டும். அப்படி இழுக்கும்போது முதலில் சிவப்பதும், பிறகு தோல் உரிவதும் விரல்கள்தாம்.

‘ஊத்தங்கரையில் பனிக்கட்டி ஏது?’ என்று சிரிக்காதீர்கள். நம் நாட்டிலேயே லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். 2025-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு நாட்டின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. பனிக்கட்டி இல்லாத நம் தமிழ்நாட்டில் சக்கரம் வைத்த ஸ்கேட் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் பந்தயத்தில் தங்கம் வென்று, இந்த விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார்.

ஸ்கேட்டையே கண்ணால் பார்க்காதவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் வேலை இருக்கிறது. கிணற்றில் வாளி இறைக்கும்போதும், மாட்டைக் கயிற்றில் பிடித்து நடக்கும்போதும், மாங்காய் ஏற்றிய வண்டியில் கயிறு கட்டும்போதும் உங்கள் விரலும் ஒரு கயிறும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பின் விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றே.

வலிப்பது விசையா, அழுத்தமா?

ஒரு வேட்டியில் 10 கிலோ அரிசியை முடிந்து, முடிச்சை உள்ளங்கையில் வாங்கித் தூக்கினால் கை அறுபடுவதில்லை. அதே அரிசியை மெல்லிய நைலான் கயிற்றில் கட்டி ஒரு விரலில் தொங்கவிட்டால், நூறு அடி நடப்பதற்குள் விரல் வெளுத்து மரத்துப்போகிறது. இரண்டிலும் எடை ஒன்றே. விசையும் ஒன்றே, சுமார் 100 நியூட்டன். மாறியது, அந்த விசை தாங்கும் பரப்பு. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதையே இங்கே கணக்கிட்டுப் பார்ப்போம்.

விரலின் அகலம் 1.6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இறுகி உருண்ட லேஸின் அகலம் 0.3 சென்டிமீட்டர். விரலை வளைத்து லேஸில் மாட்டி இழுக்கும்போது விசையைத் தாங்கும் பரப்பு 1.6 x 0.3 = 0.48 சதுர சென்டிமீட்டர். 100 நியூட்டன் விசையை இதனால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 208 நியூட்டன். காற்று மண்டலத்தின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நியூட்டன்தான். ஆகவே உங்கள் விரலின் அந்தக் குறுகிய கோட்டின் மேல் இருபது வளிமண்டலங்களின் அழுத்தம் ஏறி உட்காருகிறது!

இனி, அதே லேஸை ஒரு வழுவழுப்பான மரக்குச்சியில் சுற்றி, குச்சியை உள்ளங்கையால் பற்றி இழுங்கள். குச்சி கையில் படும் நீளம் 8 சென்டிமீட்டர், அகலம் 2 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சுமார் 6 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. முன்பிருந்ததில் முப்பதில் ஒரு பங்குதான்! விசையைச் சிறிதும் குறைக்காமலே வலியைக் குறைத்துவிட்டோம்.

விரலின் அமைப்பும் இங்கே கவனிக்கத் தக்கது. விரலை மடக்கும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் வந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. விரலின் இரு பக்கங்களிலும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு மெத்தை போல இருப்பது கொஞ்சம் கொழுப்பும் தோலும்தான். விரல் மடிப்பில் அந்த மெத்தையும் மெல்லியது. ஆகவேதான் கயிறு அழுத்தியவுடன் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் வெளுக்கிறது; நரம்பு நசுங்கி மரத்துப்போகிறது. லடாக் போன்ற குளிர்ப் பகுதியில் விரல் முன்பே மரத்திருப்பதால், தோல் அறுபட்டதுகூட உடனே தெரியாமல் போகலாம்.

ஒரு சோதனை

அழுத்தம் பாதிக் கதைதான். மறுபாதியைத் தெரிந்துகொள்ள ஒரு பென்சில், ஒரு கெட்டியான நூல், அரை லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டில், ஒரு சாவிக்கொத்து ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலைக் கிடைமட்டமாக மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி, நண்பர் ஒருவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நூலின் ஒரு முனையில் பாட்டில், மறு முனையில் சாவிக்கொத்து. கீழே ஒரு பழைய துணியை மடித்துப் போட்டுவிடுங்கள்.

முதலில் நூலைப் பென்சிலின் மேல் சும்மா போட்டுத் தொங்கவிடுங்கள். பாட்டில் தடால் என்று இறங்கும். சாவி மேலே ஏறும். பிறகு நூலைப் பென்சிலில் ஒரு சுற்றுச் சுற்றிச் செய்யுங்கள். அடுத்து இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஏதோ ஒரு கட்டத்தில், கை நிறையக் கனக்கும் பாட்டிலை அந்தச் சின்னச் சாவிக்கொத்து அசையாமல் பிடித்து நிறுத்திவிடும்!

சாவிக்கு ஏது இந்த வலிமை? நூலுக்கும் பென்சிலுக்கும் இடையேயுள்ள உராய்வுதான். நூல் சுற்றிச் செல்லும் ஒவ்வொரு சிறு பகுதியிலும் உராய்வு இழுவிசையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வட்டிக்கு வட்டி சேர்வதைப் போல இந்த விளைவு சுற்றுக்குச் சுற்று பெருகுகிறது. இந்த உறவைக் கணித முறையில் வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டின் சுவிட்சர்லாந்துக் கணித மேதை லெனார்ட் ஆய்லர். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், ஒரு சுற்றுக்கு இழுவிசை சுமார் ஆறரை மடங்கு மாறுகிறது. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 285 மடங்கு! இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கம்பம் தடித்ததா மெலிந்ததா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை சுற்று, எவ்வளவு சொரசொரப்பு என்ற இரண்டுதான் வருகின்றன.

லேஸின் நுனியில் இழுத்தால் போதுமா?

இப்போது ஸ்கேட்டுக்குத் திரும்புவோம். லேஸ் ஒவ்வொரு துளையிலும் வளைந்து நுழைகிறது. வளைகிற இடத்திலெல்லாம் உராய்வு வரி வசூலிக்கிறது. ஒரு துளையில் இழுவிசையில் 20 விழுக்காடு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் நுனியில் நீங்கள் 100 நியூட்டன் விசையுடன் இழுத்தால், முதல் துளையைத் தாண்டியதும் 80. பிறகு 64, 51, 41, 33. ஆறாவது துளையைத் தாண்டும்போது எஞ்சுவது 26 நியூட்டன்தான். பாதத்தின் மேல் லேஸ் தொளதொளவென்று கிடக்க, கணுக்காலில் மட்டும் இறுகி இரத்த ஓட்டம் நின்றுபோகும்.

அங்கே 60 நியூட்டன் வேண்டும் என்றால் மேல் நுனியில் சுமார் 230 நியூட்டன் விசையுடன் இழுக்க வேண்டும். 23 கிலோ மூட்டையை இரண்டு விரலால் தூக்குவதற்கு இது சமம். விரல் அறுபடாமல் என்ன செய்யும்?

மாறாக, கால்விரல் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஜோடியாக இறுக்கிக்கொண்டு மேலே வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு துளையின் உராய்வைத்தான் வெல்ல வேண்டும். 75 நியூட்டன் போதும். கீழே இறுக்கியது தளர்ந்துவிடாதா என்றால், தளர விடாமல் பிடித்துக்கொள்வதும் அதே உராய்வுதான். நுனியில் இழுத்தபோது நமக்கு எதிரியாக இருந்த உராய்வு, படிப்படியாக இறுக்கும்போது நம் கூட்டாளியாகிவிடுகிறது.

விரலைக் காக்கும் வழிகள்

1. லேஸை விரலில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். குறுக்கே பிடி உள்ள லேஸ் கொக்கி ஒன்று ஸ்கேட்டர்களிடம் உண்டு. அதன் பிடியை உள்ளங்கை பற்றிக்கொள்ளும். லேஸைக் கொக்கி இழுக்கும். அது இல்லாதவர்கள் லேஸ் நுனியை வழுவழுப்பான மரக்குச்சியில் சுற்றி இழுக்கலாம். கொக்கி நழுவினால் முகத்தில் அடிக்கும். ஆகவே முகத்தை நோக்கி இழுக்காதீர்கள்.

2. துணி காயப்போடும் கொடிக்கயிற்றைக் கவனித்திருக்கிறீர்களா? விறைப்பாகக் கட்டிய கொடியின் நடுவே ஈரப் போர்வை ஒன்றைப் போட்டால் கொடிக்கம்பமே சாய்கிறது. நேராக நிற்கும் கயிற்றைக் குறுக்கே சிறிது இழுத்தால், கயிற்றின் நெடுக்கே பெரிய இழுவிசை உண்டாகும். கயிறு இரு பக்கமும் 10 பாகை வளையும்படி 35 நியூட்டன் விசையுடன் இழுத்தால், கயிற்றில் சுமார் 100 நியூட்டன் இழுவிசை பிறக்கும். இரு துளைகளுக்கு இடையே குறுக்காக ஓடும் லேஸின் நடுவில் கொக்கியை மாட்டி வெளியே இழுப்பது இந்தத் தந்திரம்தான்.

3. நுனியைப் பிடித்து இழுக்கும்போது, லேஸ் துளையிலிருந்து வெளிவரும் திசையிலேயே இழுங்கள். பக்கவாட்டில் திருப்பினால் வளைவு கூடும்; உராய்வும் கூடும்.

4. நாள்தோறும் பயிற்சி செய்கிறவர்கள் லேஸ் படும் விரல் மடிப்பின் மேல் துணிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். தோலுக்குப் பதில் பிளாஸ்திரி தேயும். இறுக்கி ஒட்டினால் அதுவே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதை மறவாதீர்கள்.

5. மோதிரம் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைத் தொடுங்கள்.

6. தோல் அறுபட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். விரல் மரத்தது மரத்தபடியே இருந்தாலும், மடக்க நீட்ட முடியாவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மாட்டுக் கயிறும் மனிதக் கையும்

லேஸ் அறுத்தால் தோல் உரியும். நாலு நாளில் ஆறிவிடும். மாட்டுக் கயிறு அப்படியல்ல. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி எருது விடும் விழா நடக்கிறது. போச்சம்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். ‘கயிறு நழுவிவிடுமே’ என்று சிலர் அதைக் கையிலோ விரலிலோ இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வதுண்டு. மாடு மிரண்டு 2000 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்து பாட்டிலை நிறுத்தியது நினைவிருக்கிறதா? இரண்டு சுற்றுச் சுற்றிய கயிறு நழுவாமலிருக்க மறுமுனையில் 46 நியூட்டன் இருந்தால் போதும். மற்ற விரல்கள் அவ்வளவு விசையை எளிதில் கொடுத்துவிடும். கயிறு நழுவாது; நீங்கள் விட நினைத்தாலும் உடனே கழலாது. 2000 நியூட்டனும் அந்த ஒரு விரலின் மேல் இறங்கும். இவ்விதம் தோல் உரிந்து எலும்பு வெளிப்படும் காயங்களும், விரலே துண்டாகிப்போகும் காயங்களும் ஏற்படுவதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

அதே இரண்டு சுற்றைத் தரையில் ஊன்றிய கம்பத்தில் போட்டுப் பாருங்கள். 2000 நியூட்டனைக் கம்பம் வாங்கிக்கொள்ளும். மறுமுனையை 46 நியூட்டன் விசையுடன், அதாவது ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையைத் தூக்கும் விசையுடன், ஒரு சிறுவனே பிடித்துக்கொள்ளலாம். லாரியில் சரக்கேற்றுகிறவர்கள் தார்ப்பாய்க் கயிற்றை வண்டியின் அடிக்கொக்கியில் சுற்றி இறுக்குவது இதனால்தான். ஆகவே கயிற்றைச் சுற்ற வேண்டுமானால் கம்பத்தில் சுற்றுங்கள், முளையில் சுற்றுங்கள், குச்சியில் சுற்றுங்கள். விரலில் மட்டும் வேண்டாம். மாட்டை நடத்திச் செல்லும்போது கயிற்றை உள்ளங்கையில் பற்றுங்கள். மிகுந்த கயிற்றைச் சுருட்டாமல் மடித்துப் பிடியுங்கள். ஆபத்து வந்தால் கையைத் திறந்ததும் கயிறு போய்விட வேண்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய ஒரு வேலை: பென்சில் சோதனையை மீண்டும் செய்யுங்கள். நூலை முதலில் உலர்ந்த நிலையிலும், பிறகு தண்ணீரில் நனைத்தும், கடைசியில் மெழுகு தடவியும் சுற்றிப் பாருங்கள். பாட்டிலை நிறுத்த எந்த நூலுக்கு எத்தனை சுற்று வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சோதனையை வீட்டில் மாடு பிடிக்கிற பெரியவர்களுக்கும் செய்து காட்டுங்கள்.