குழந்தைக்கு முதல் கேமரா வாங்கப் போறீங்களா? மெகாபிக்சலுக்கு முன்னால் பார்க்க வேண்டிய விஷயங்கள்

“அம்மா, போன் கொடு... ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டுத் தந்துடறேன்!” இப்படிக் கேட்டு வாங்கும் குழந்தை சொன்னபடி ஒரு போட்டோ எடுக்கும். அடுத்த நிமிடம் கேலரி திறக்கும், அதற்கடுத்து யூடியூப். அரை மணி நேரம் கழித்துப் போனைத் திரும்ப வாங்குவதற்குள் வீட்டில் ஒரு சண்டையே நடந்து முடிந்திருக்கும்.

‘பேசாம தனியா ஒரு கேமரா வாங்கிக் கொடுத்துட்டா என்ன?’ என்று பல இளம் பெற்றோருக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான். நல்ல யோசனைதான். ஆனால், ஆன்லைனில் தேடினால் தலை சுற்றும். பூனைக் காது வைத்தது, யூனிகார்ன் வடிவம், பிங்க், நீலம் என்று ஆயிரம் ரூபாயிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ‘40 மெகாபிக்சல்’, ‘48 மெகாபிக்சல்’, ‘5 கேம்ஸ் இலவசம்’ என்று எழுதியிருக்கும்.

இதில் எதை நம்புவது? எந்த வயதுக்கு எது சரி? பணம் வீணாகாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

48 மெகாபிக்சல் நிஜமா?

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். ஸ்டுடியோவில் போடும் 4×6 அங்குல பிரின்ட், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் தெளிவாக வர 1200×1800 புள்ளிகள் போதும். அதாவது, சுமார் 22 லட்சம். ஃபுல் எச்டி டிவியில் பார்க்கவும் ஏறக்குறைய 21 லட்சம் புள்ளிகள்தான் தேவை. ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினால்கூட 87 லட்சம் புள்ளிகளில் வேலை முடிந்துவிடும். ஆக, ஒரு குழந்தை எடுக்கும் படத்துக்கு 2 முதல் 9 மெகாபிக்சலே தாராளம்.

அப்படியென்றால் விலை குறைந்த பொம்மை கேமராவில் 48 எங்கிருந்து வருகிறது? பல மலிவு மாடல்களின் உள்ளே இருக்கும் சென்சார் சில மெகாபிக்சல்தான் பதிவு செய்யும். இடையிடையே மென்பொருளே புள்ளிகளை ஊகித்து நிரப்பி எண்ணிக்கையைக் கூட்டும். இதற்கு ‘இன்டர்போலேஷன்’ என்று பெயர். பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டர் கணக்கைக் கூட்டுகிற கதைதான். லிட்டர் ஏறும், பால் ஏறாது.

கேமரா கைக்கு வந்ததும் இதைச் சோதிப்பது சுலபம். ஒரு நாளிதழ் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்து, கணினியில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். தலைப்புக்குக் கீழே உள்ள சின்ன எழுத்துகள் கரைந்து, நீர் வண்ண ஓவியம் மாதிரி தெரிந்தால் அந்த எண் வெறும் விளம்பரம். திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

எண்ணைவிட முக்கியமானவை வேறு உண்டு. பல பொம்மை கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. லென்ஸ் ஒரே தூரத்துக்கு நிரந்தரமாக அமைக்கப்பட்டிருக்கும். எறும்பையும் பூவையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எடுக்கத்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அந்தப் படங்கள்தான் இதில் மங்கலாக வரும். ஃபிளாஷ் என்று இருப்பதும் சின்ன எல்இடி விளக்குதான். அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடி விளையாடும் தம்பியைப் படம் எடுத்தால், ஒரு கலங்கிய உருவம் மட்டுமே கிடைக்கும். ‘வெளியில் எடுத்தால் ஓகே, வீட்டுக்குள் சுமார்’ என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

எந்த வயதுக்கு எது?

3 வயதுக்குள்: இப்போதைக்கு வேண்டாம். கேமராவின் சின்ன மூடி, மெமரி கார்டு எல்லாமே வாய்க்குள் போகும் அளவு. மைக்ரோ எஸ்டி கார்டின் நீளம் வெறும் 15 மில்லிமீட்டர்.

3 முதல் 5 வயது வரை: இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி தடித்த உடல், ரப்பர் அல்லது சிலிக்கான் உறை, விரலுக்கு எளிதாக எட்டும் ஒரே ஒரு பெரிய பட்டன். இது போதும். ஒரு கண்ணை மட்டும் மூடி, சின்னத் துளை வழியாகப் பார்ப்பது இந்த வயதில் பலருக்கு வராது. அதனால் பின்புறம் திரை இருப்பது உதவும். இந்த வயதில் கேமரா கீழே விழத்தான் செய்யும். இரண்டாயிரம் ரூபாய் பொம்மை கேமராவுக்கு நியாயம் இருக்கும் வயது இதுதான்.

6 முதல் 8 வயது வரை: பொம்மை கேமரா சீக்கிரமே அலுத்துப்போகும். ‘நான் பார்த்த மாதிரி வரலையே’ என்று குழந்தையே கேட்க ஆரம்பிக்கும். ஆட்டோஃபோகஸும் நிஜ ஃபிளாஷும் உள்ள சாதாரண காம்பாக்ட் கேமராவுக்கு மாறலாம்.

9 வயதுக்கு மேல்: பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் செய்வது, ஜூம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் கற்றுக்கொள்ளும் பருவம். ஜூம் பார்த்து வாங்கினால் ‘ஆப்டிகல்’ ஜூமா என்று கேளுங்கள். ‘டிஜிட்டல் ஜூம்’ என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே.

நீச்சல், கடற்கரை, மலையேற்றம் என்று சுற்றும் குடும்பங்களுக்கு ‘டஃப்’ வகை கேமராக்கள் உண்டு. உதாரணமாக, ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் டஃப் டிஜி-7 மாடல் 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீரையும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும் தாங்கும் என்கிறது நிறுவனம். ஆனால் இதெல்லாம் பெரியவர்களுக்கான கேமரா, விலையும் அப்படித்தான். மலிவு மாடல்களில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தால், கேமராவே தண்ணீர் தாங்குமா, தனி உறைக்குள் வைத்தால் மட்டும் தாங்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

‘5 கேம்ஸ் இலவசம்’ – இலவசமா, இடைஞ்சலா?

போனிலிருந்து விலக்கத்தான் கேமரா. அதற்குள்ளேயே பாம்பு விளையாட்டும், பாட்டு ப்ளேயரும், கார்ட்டூன் ஃப்ரேமும் இருந்தால் சுற்றி வளைத்து இன்னொரு திரையைத்தான் கையில் கொடுக்கிறோம். 2 முதல் 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் திரை முன் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது.

கேமராவைப் பிடித்திருக்கும் குழந்தை நடக்கும், குனியும், தேடும். கேம் ஆடும் குழந்தை உட்கார்ந்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். அதனால், கேம்ஸ் இல்லாத மாடலைத் தேடுங்கள். இருந்தால் நீக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

சிம் இல்லாத பழைய போன் போதாதா என்ற கேள்வியும் வரும். படத்தின் தரத்தில் அது பொம்மை கேமராவை எளிதாக ஜெயிக்கும். ஆனால் வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த நாளிலிருந்து அது மறுபடியும் போன்தான்.

பேட்டரி, கயிறு, ஐஎஸ்ஐ: இதில் சமரசம் வேண்டாம்

காசு மாதிரி வட்டமாக இருக்கும் பட்டன் பேட்டரியில் இயங்கும் எதையும் சிறு குழந்தைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்கூட, வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உள்ளேயே பொருத்தப்பட்ட ரீசார்ஜ் பேட்டரி என்றால் சார்ஜ் போடும் வேலை பெரியவர்களுடையது. சார்ஜில் இருக்கும்போது கேமரா குழந்தையின் கையில் இருக்கக் கூடாது. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடும்படி இருப்பது கூடுதல் பாதுகாப்பு.

கூடவே வரும் கழுத்துக் கயிற்றையும் கவனியுங்கள். சறுக்குமரத்திலோ கதவுக் கைப்பிடியிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். மணிக்கட்டில் மாட்டும் கயிறு போதும். கழுத்தில்தான் வேண்டும் என்றால், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். மின்சாரப் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்ற தர எண் பொருந்தும். பொம்மை என்று விற்கப்படும் கேமராவின் பெட்டியில் இந்த முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையா என்பதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

அலமாரியில் தூங்கும் பழைய கேமரா

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யலாம். அம்மா வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். ஸ்மார்ட்போன் வருவதற்கு முன், கல்யாணத்துக்கும் டூருக்கும் வாங்கிய காம்பாக்ட் கேமரா ஒன்று துணிப் பைக்குள் கிடக்கலாம். ஆட்டோஃபோகஸ், ஆப்டிகல் ஜூம், நிஜ ஃபிளாஷ் மூன்றும் அதில் இருக்கும். கேம்ஸ் இருக்காது, பெரும்பாலும் வைஃபையும் இருக்காது. 6 வயதைத் தாண்டிய குழந்தைக்கு, புதிதாக வாங்கும் பொம்மை கேமராவைவிட இது பல மடங்கு மேல்.

மூன்று விஷயங்களைச் சரிபார்த்தால் போதும்.

- பேட்டரி: உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஏஏ பேட்டரி போடும் மாடல் என்றால் இன்னும் வசதி. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

- மெமரி கார்டு: 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி கார்டுகள் 2006-ல்தான் வந்தன. அதற்கு முந்தைய கேமராக்கள் பழைய 2 ஜிபி வரையிலான கார்டை மட்டுமே படிக்கும். பிறகு வந்த பலவற்றுக்கு 32 ஜிபி உச்சம். 64 ஜிபி போட்டால் ஏற்காமல் போகலாம். பழைய சோனியில் மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிமில் எக்ஸ்டி கார்டு இருக்கும். இவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

- தேதி: நீண்ட நாள் சும்மா கிடந்த கேமராவில் தேதி அழிந்திருக்கும். அதைச் சரிசெய்துவிட்டுக் கொடுத்தால், ‘இது எப்போ எடுத்தது?’ என்று பின்னால் குழம்ப வேண்டியதில்லை.

உடனே பிரின்ட் வரும் கேமரா வாங்கலாமா?

எடுத்தவுடன் காகிதம் வெளியே வருவது குழந்தைகளுக்கு மந்திரம் மாதிரி. ஆனால் செலவைப் பார்க்க வேண்டும். ஃபியூஜிஃபிலிமின் இன்ஸ்டாக்ஸ் மினி பெட்டியில் 10 ஃபிலிம்தான். உற்சாகத்தில் இருக்கும் குழந்தை அதை ஐந்தே நிமிடத்தில் காலி செய்யும்.

மலிவான ‘பிரின்ட் கேமரா’க்கள் பெரும்பாலும் பில் போடும் தெர்மல் காகிதத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவை. மை தேவையில்லை, காகிதமும் மலிவு. ஆனால் ஏடிஎம் ரசீது மங்குவது போல இந்தப் படமும் மங்கும். சில தெர்மல் காகிதங்களில் பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. வாங்குவதானால் ‘பிபிஏ இல்லாதது’ என்று குறிப்பிட்ட காகிதத்தையே வாங்குங்கள்.

வைஃபை, ஆப் இருந்தால் உஷார்

குழந்தைகளுக்கான மின்னணுப் பொருட்களை விற்கும் விடெக் நிறுவனத்தின் சர்வர்கள் 2015 நவம்பரில் ஹேக் செய்யப்பட்டன. உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்கள் அம்பலமாயின. 2018-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் அந்த நிறுவனம் 6.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. படங்கள் கார்டில் இருந்து கணினிக்கு வந்தால் போதும். முகம் தெரியாத நிறுவனத்தின் சர்வருக்குப் போக வேண்டியதில்லை. ஆப் கட்டாயம் என்றால், குழந்தையின் நிஜப் பெயர், பிறந்த தேதி, பள்ளி போன்றவற்றைக் கொடுக்காமல் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் வேறு மாடலுக்குப் போய்விடலாம்.

வாங்கிய பிறகுதான் முக்கியமான வேலை

முதல் நாளே இரண்டு விதிகளைச் சொல்லிவிட வேண்டும். யாரைப் படம் எடுத்தாலும் “எடுக்கலாமா?” என்று கேட்க வேண்டும். குளிக்கும், உடை மாற்றும் இடத்துக்குக் கேமரா போகக் கூடாது. இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தும்: குழந்தை எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் முன் அதனிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

முதல் வாரம் கார்டு முழுக்கத் தரையும், மின்விசிறியும், பாதி முகங்களும்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு படம் 3 எம்பி என்று வைத்தால் 32 ஜிபி கார்டில் சுமார் 10 ஆயிரம் படங்கள் அடங்கும். ‘ஏன் இப்படிக் கோணலா எடுத்திருக்கே?’ என்று கேட்பதைவிட, ‘இதில் உனக்கு என்ன பிடிச்சுது?’ என்று கேட்டால் பேச்சு நீளும். வாரம் ஒருநாள் உட்கார்ந்து ஐந்து படங்களைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் சிலவற்றைப் பக்கத்து ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டலாம்.

கொல்கத்தாவின் சோனாகாச்சி பகுதிக் குழந்தைகளுக்கு ஜானா பிரிஸ்கி என்ற ஒளிப்படக் கலைஞர் சாதாரண ஃபிலிம் கேமராக்களைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அந்த அனுபவமே ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ ஆவணப்படமாகி, 2005-ல் ஆஸ்கர் விருது பெற்றது. அந்தக் குழந்தைகளின் படங்களைப் பேசவைத்தது கேமராவின் விலை அல்ல. அவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய வீடும் தெருவும் அவற்றில் இருந்தன.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்றடி உயரத்திலிருந்து மட்டுமே தெரியும் காட்சிகள் உண்டு. மேசைக்கு அடியில் படுத்திருக்கும் பூனை, பூ கட்டும் பாட்டியின் விரல்கள், ஆபீஸ் முடிந்து வந்தும் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா. கார்டைக் கணினியில் போட்டுப் பார்க்கும் அன்று, கடைசிப் படம் சிலருக்குக் கொஞ்சம் உறுத்தலாம். அதற்கும் தயாராக இருந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.