கடல் வழி விட்டால் நடந்தே போகலாம், குலாபா கோட்டைக்கு!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கே போவது என்ற கேள்வி மும்பைத் தமிழர் வீடுகளில் எழாமல் இருப்பதில்லை. சௌபாத்தியும் ஜூகுவும் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டன. எலிபெண்டாவுக்கும் போய் வந்தாகிவிட்டது. மாத்தேரான் என்றால் ஒரே நாளில் திரும்புவது சிரமம். செலவும் கூட. இப்படி யோசிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் இடம் அலிபாக்.

அலிபாக் கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் கருங்கல் கோட்டை ஒன்று தெரியும். நாளில் இரண்டு முறை கடல் வற்றி, அந்தக் கோட்டைக்கு மணல் வழி விடுகிறது. அப்போது நடந்தே போகலாம். சில மணி நேரத்தில் கடல் திரும்பி வந்து வழியை மூடிவிடும். பிறகு அது தீவுதான்.

குலாபா கோட்டை என்று பெயர். நம் மும்பையின் தென்கோடியில் இருக்கும் கொலாபா வேறு, இது வேறு. இப்போது ராய்காட் என்று சொல்லும் மாவட்டத்துக்கே 1981 வரை குலாபா மாவட்டம் என்றுதான் பெயர் இருந்தது.

போகும் வழி

கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து அலிபாக் சுமார் 20 கிலோமீட்டர். படகுக் கம்பெனி பஸ்ஸிலேயே கொண்டுபோய் விடுவார்கள்; டிக்கெட் ஒன்றுதான். கார், பஸ் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலும் 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு ஓடுகிறது. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பன்வேல், பேண் வழியாக எஸ்.டி. பஸ்ஸில் போகலாம். மழைக்காலத்தில் கேட்வே படகுகள் நின்றுவிடும். அந்த மாதங்களில் கோட்டை ஆசையையும் விட்டுவிடுவதே நல்லது.

முதல் தடவை நான் போனது ஒரு பௌர்ணமி ஞாயிறு. மனைவி, இரண்டு பெண்கள், எலுமிச்சம்பழ சாதம் ஒரு தூக்கு. ஆற அமரக் கிளம்பி, பதினொன்றரை மணிக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கே வழி? கோட்டைச் சுவர் வரை ஒரே தண்ணீர். மதில் அடியில் அலை வெள்ளையாக மோதிக்கொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து சாதத்தைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். போன செலவு போனதுதான்.

இதில் நம்மவர்களை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. நம் ஊர்க் கடலில் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். திருச்செந்தூரிலும் மெரினாவிலும் காலையில் பார்த்த கடல் மாலையிலும் அதே இடத்தில் இருக்கும். மும்பைக் கடலோ சில நாட்களில் ஐந்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. இந்தக் கரையின் கோலி மீனவருக்கு இது கடிகாரம் மாதிரி. ஏற்றத்துக்குப் பரதி என்றும், வற்றுவதற்கு ஓஹோடி என்றும் அவர்கள் சொல்வார்கள். நாம் முப்பது வருஷம் சயானில் குடியிருந்தாலும் இந்த இரண்டு வார்த்தை காதில் விழுவதில்லை!

சாந்து இல்லாத மதில்

இரண்டாம் தடவை ஊரிலிருந்து என் தகப்பனார் வந்திருந்தார். முதல் படகைப் பிடித்து ஒன்பது மணிக்குள் கரைக்குப் போய்விட்டோம். ஈர மணல் கோட்டை வரை விரிந்து கிடந்தது. குதிரை வண்டிகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடின. நாங்கள் நடந்தோம். பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். ஆகவே செருப்பைக் கழற்றக்கூடாது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார்.

இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் சத்ரபதி சிவாஜி. 1680-ம் ஆண்டு மார்ச் மாதம் வேலை ஆரம்பமாயிற்று. அடுத்த மாதமே அவர் காலமானார். மகன் சம்பாஜி 1681-ல் முடித்தார். மதிலின் உயரம் சுமார் 25 அடி. பெரிய பெரிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். இடையே சாந்து இல்லை. மோதுகிற அலை கல் இடுக்கில் புகுந்து வடிந்துவிடுவதால் சுவர் மேல் அதன் வேகம் குறைந்துபோகிறதாம். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நிற்பதைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. சென்ற வருஷம் பூசிய எங்கள் சால் சுவர் இந்த மழைக்கு உதிர்ந்துவிட்டது.

1713-ல் கோட்டை கானோஜி ஆங்ரே கைக்கு வந்தது. மராட்டியக் கடற்படையின் தலைவர் அவர். கொங்கணக் கடலில் போகும் வியாபாரக் கப்பல்கள் தம்மிடம் தஸ்தக் என்னும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றார். வாங்காத கப்பலைப் பிடித்தார். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளைக்காரன் என்று எழுதிவைத்தார்கள். 1721-ல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து கொமடோர் மாத்யூஸ் தலைமையில் கப்பல்களோடும், தரையில் பெரும் படையோடும் இந்தக் கோட்டையைத் தாக்கினார்கள். பிடிக்க முடியவில்லை. 1729-ல் கானோஜி இறக்கும் வரை அவர்களால் அவரை அசைக்க முடியவில்லை. மும்பையில் உள்ள கடற்படைத் தளத்துக்கு இன்று ஐ.என்.எஸ். ஆங்ரே என்று பெயர். அவருடைய சமாதி அலிபாக் ஊருக்குள் இருக்கிறது. கோட்டையைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதில்லை.

உள்ளே 1759-ல் ரகோஜி ஆங்ரே கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஒரு தர்காவும் உண்டு. நாலாபுறமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதுதான் பெரிய அதிசயம். அப்பா பிள்ளையாரைக் கும்பிட்டதைவிட அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அதிகம். வடக்கு மதில் மேல் சக்கரத்தோடு இரண்டு பீரங்கிகள் நிற்கின்றன. இங்கிலாந்தில் யார்க்ஷயர் லோ மூர் இரும்பாலையில் வார்த்தவை என்று அவற்றின் மேலேயே எழுதியிருக்கிறது. ஆங்ரேக்களின் மாளிகை 1787-ல் தீக்கு இரையாகிவிட்டது. மிஞ்சிய மரக் கட்டடங்களை 1842-ல் ஆங்கிலேயர் ஏலம் போட்டு விற்றார்கள்.

"லவ்கர் சலா!"

பீரங்கி மேல் ஏறிய பெண்கள் இறங்க மனமில்லாமல் இருந்தார்கள். நான் கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. முன்னால் மணல் அப்படியேதான் கிடந்தது. தைரியமாக இறங்கினோம்.

பாதி தூரம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடல் நம் எதிரே அலையாக வருவதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் சத்தமில்லாமல் தாழ்ந்த இடங்களை நிரப்பிக்கொண்டு வருகிறது. நாங்கள் நின்ற மேடு காய்ந்திருந்தது. எங்களுக்கும் கரைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினால் முழங்கால். நாலு அடி வைத்தால் தொடை. சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டேன். ஒரு செருப்பு போயிற்று. அப்பாவின் கையைப் பிடித்திருந்த என் மனைவியின் முகத்தில் ரத்தம் இல்லை.

அப்போது பின்னாலிருந்து "பரதி ஆலி, லவ்கர் சலா!" என்று ஒரு சத்தம். கடைசிக் குதிரை வண்டிக்காரர். எங்கள் ஐந்து பேரையும் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டார். வண்டிச் சக்கரம் பாதிக்கு மேல் தண்ணீரில் முழுகியது. கரை சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நின்ற மேட்டைக் காணவில்லை.

கரையில் வேட்டியைப் பிழிந்துகொண்டே அப்பா கேட்டார்: "ஏய்யா, இன்னைக்குத் தேய்பிறைப் பஞ்சமில்லா? நீ முன்னால போயி ஏமாந்தது பௌர்ணமியா? அப்போ இது திதிக்கணக்குதானய்யா!"

அவர் சொன்னது சரிதான். அமாவாசை, பௌர்ணமியில் இந்தக் கரையில் நண்பகலை ஒட்டிக் கடல் நிறைந்திருக்கும். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் வற்றும். பிறகு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே திருதியை முதல் பஞ்சமி வரை, வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும், காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் வற்றம் வரும். மும்பையிலிருந்து முதல் படகில் போகிறவர்களுக்கு அதுவே தோதான நாள். அஷ்டமி முதல் ஏகாதசி வரை பகலில் வற்றினாலும் அரைகுறையாகத்தான் வற்றும். நனையாமல் போக முடியாது. இதெல்லாம் தோராயக் கணக்கு. அன்றைய சரியான நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையில் பார்த்து, கரையில் வண்டிக்காரரிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். வற்றம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

கரையில் காண

மீதிப் பொழுதுக்கு அலிபாக்கைச் சுற்றி நிறைய உண்டு. கரைக்கு அருகில் பூமியின் காந்த சக்தியை அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கலாம். இது முதலில் மும்பைக் கொலாபாவில் இருந்தது. நகரத்தில் மின்சார டிராம் ஓடப்போகிறது, அந்த மின்சாரம் கருவிகளைக் குழப்பிவிடும் என்று 1904-ல் இங்கே புது நிலையம் ஏற்படுத்தினார்கள். டிராம் 1907-ல் ஓடியது. 1964-ல் டிராம் போய்விட்டது. நிலையம் இன்னும் அளந்துகொண்டிருக்கிறது.

மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்குக் கனகேஸ்வர். எழுநூறுக்கு மேற்பட்ட கல் படிகள், மேலே சிவன் கோயில். வடக்கே தள் கிராமத்துக்கு எதிரில் கடலில் காந்தேரி கோட்டைத் தீவு. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் இது ஒன்று. அதே பட்டியலில் நம் செஞ்சிக் கோட்டையும் இருப்பதைத் தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

தெற்கே ரேவ்தண்டாவில் போர்ச்சுகீசியர் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. அதைத் தாண்டி கோர்லாய் என்று ஒரு சிற்றூர். போர்ச்சுகீசியர் போய் இருநூற்று எண்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அங்கே கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டில் போர்ச்சுகீசிய மொழி கலந்த ஒரு பேச்சைப் பேசுகின்றன. என் பெண்கள் இதைக் கேட்டு இந்தியில் ஆச்சரியப்பட்டார்கள்.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது. கோட்டை, சமாதி, கடற்கரை, அதோடு திரும்பிவிட வேண்டும். படகு மாலையோடு சரி. திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் போன் செய்தார். உடம்பு எப்படி என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: "ஏய்யா, பாம்புப் பஞ்சாங்கம் பார்த்துட்டேன். தையில ஒரு ஞாயித்துக்கெழம சதுர்த்தி விழுது. டிக்கெட் போட்டுரு. பதினோரு மணிக்குக் கரைக்கு வந்துரணும், சின்னவகிட்ட இப்பவே சொல்லி வை."